பங்கானிக்கு வந்த விருந்தாளி

விருந்தினர் வரவேற்புக் கழகம் ஏற்படுவதற்கு முன்னால் வெளியூர்க்காரர்களை நாங்கள் எப்படித்தான் சமாளித்தோம் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பேருந்தை விட்டு இறங்கியவன் வழி கேட்டால் வழி சொன்னோம். வெயிலில் வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தோம். சாப்பாட்டு நேரமாக இருந்தால் "வாங்க, உக்காருங்க" என்றோம். யாரும் கைதட்டவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை. வந்தவனும் சாப்பிட்டுவிட்டு, தான் வரவேற்கப்பட்டது தெரியாமலே போய்விட்டான்.

இந்தக் குறையைப் போக்கத்தான் திரு. கிலேயோ மலைநாட்டிலிருந்து பங்கானிக்குக் கழகத் தலைவராக வந்தார். கடலைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். மீன் வாசனை ஆகாது. அதனாலேயே எங்கள் ஊரை நடுநிலையோடு பார்க்க அவரால் முடிந்தது. அவருக்குக் கீழே நிகழ்ச்சி அதிகாரியாக ஜுஹூரா அம்மா. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதற்கும் கீழே நான், கொம்போ. படகுகளுக்குப் பாய் தைத்துக்கொண்டும் கல்யாண வீடுகளில் மேளம் அடித்துக்கொண்டும் இருந்தவனைக் கழகத்தின் மேளக்காரனாக வைத்துக்கொண்டார்கள். தலைவர் வலது கையைத் தூக்கினால் அடிக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். எதற்காக அடிக்கிறோம் என்று யோசிக்கும் வேலையை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் தலைநகரிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வெள்ளைக்காரர்களையே எத்தனை நாள் எதிர்பார்ப்பது, நம் நாட்டு மக்களே நம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அப்படிப் பார்ப்பவர் ஒருவரை ஒவ்வொரு ஊரும் வரவேற்றுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். தேயோ என்ற புகைப்படக்காரரையும் அனுப்பி வைத்தார்கள். அவர் விடுதியில் தங்கிக்கொண்டு தினமும் வறுத்த மீன் சாப்பிட்டார். நாங்கள் தினமும் காலைப் பேருந்துக்கு மல்லிகை மாலையோடு வரிசையில் நின்றோம். நம் நாட்டு மக்கள் யாரும் எதையும் சுற்றிப் பார்க்க வரவில்லை. கோழி விற்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். மாலை வாடியது.

ஒருநாள் பொறுமை இழந்த தலைவர், இன்று விருந்தாளி வந்தே தீர வேண்டும் என்று விடியும்போதே படகுக்கும் லாரிக்கும் உத்தரவு போட்டுவிட்டார். அன்றைக்கென்று அதுமானி வந்தார்.

நெட்டையான, ஒல்லியான மனிதர். வெளுத்துப்போன கோட்டு, தலையில் புதுத் தொப்பி, தோளில் பை, கையில் ஒரு தகர டப்பா. இறங்கியதும் மன்டாசிப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், "படகுத்துறைக்கு எப்படிம்மா போகணும்?" என்று கேட்டார்.

எங்கள் ஊர்க்காரன் எவனும் கேட்காத கேள்வி அது. தலைவரின் முகம் மலர்ந்தது. கை மேலே போனது. நான் அடித்தேன். ஜுஹூரா அம்மா ஓடிப்போய் மாலையைப் போட்டார். அதுமானி இரண்டடி பின்னால் போய், யாருக்கோ போட வேண்டியதைத் தனக்குப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தவரைப் போலக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் போட்டார்கள்.

"எங்கருந்து வர்றீங்க பெரியவரே?" தலைவர் கேட்டார்.

"தபோராவுலருந்துங்க. மெத்தை தைக்கிறவன்."

"தபோரா. அவ்வளவு தூரத்துலருந்து. எதுக்காகப் பங்கானிக்கு வந்தீங்கன்னு இந்தக் கேமராவப் பாத்துச் சொல்லுங்க."

"எங்க அக்காவப் பாக்கங்க. அக்கரையில, சோங்கோனியில இருக்கா. ரொம்ப முடியலன்னு அவ மக போன் பண்ணா. எப்படியாச்சும் வந்துடுங்கன்னா."

ஜுஹூரா அம்மா விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து மெதுவாகச் சொன்னார். "அக்காவப் பாக்கன்னு சொல்லாதீங்க அண்ணே. சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லுங்க. அக்காவையும் சேத்துச் சுத்திப் பாத்துக்கலாம்."

"அவள என்னம்மா சுத்திப் பாக்குறது. பாயில கெடக்கா."

"நாட்டுப்புறம் நம்ம நிகழ்ச்சியில கடைசியா இருக்கு. அக்கரைதான். நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போறோம். நடந்து போறத விடச் சீக்கிரம்."

அதுமானி தலையாட்டினார். ஆனால் எல்லாரும் படத்துக்கு நிற்கிற சமயம் பார்த்துப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். மேளச் சத்தம் நிற்காததால் அவருக்குத் துறைக்கு வழி கேட்கவும் முடியவில்லை. ஆற்றுக்காற்று வந்த திசையில் போனார். விருந்தினருக்குப் பின்னால் மேளம் போக வேண்டும் என்பது விதி. நான் பின்னால் அடித்துக்கொண்டே போனேன். எனக்குப் பின்னால் கழகம் வந்தது.

துறையில் பெரிய படகு கட்டிப்போட்டபடி நின்றது. லாரிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றின் வாயைக் கடக்கும் படகு அது. கரையில் வெயிலில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது.

"அக்கரைக்குப் போகணும்பா," என்றார் அதுமானி.

"இன்னிக்கு விருந்தாளி ஏறாம படகு எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு," என்றான் படகோட்டி.

"நான்தான் விருந்தாளிங்கறாங்க."

"அப்படின்னா தலைவரக் கூட்டிட்டு வாங்க. தலைவர் இல்லாம விருந்தாளிய மட்டும் ஏத்துனா எனக்குத்தான் பேச்சு விழும்."

மீன்கூடைக்காரி ஒருத்தி எழுந்து வந்தாள். "நீதானா அது? விடியக்காலத்துலருந்து உனக்காகத்தான் உக்காந்து கெடக்கோம். எம்மீனப் பாரு, மோந்து பாரு. எவன்யா உன்ன வரச் சொன்னது?"

"நான் கேக்கலம்மா," என்றார் அதுமானி. "எனக்கும் அவசரந்தான்."

ஓடங்கள் உண்டா என்று விசாரித்தார். ஆற்றின் அழகைக் கெடுக்கின்றன என்று விருந்தினர் வரும் நாட்களில் ஓடங்களுக்குத் தடை. கழகம் அவரைத் துறையிலேயே சேர்த்துப் பிடித்தது. பிடித்தது என்று நான் சொல்லக் கூடாது. தலைவர் அவர் தோளில் கை போட்டு அழைத்து வந்தார்.

பழைய சுங்கக் கட்டடத்தின் முன்னால் பந்தல் போட்டிருந்தது. அதுமானியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் மடியில் தகர டப்பாவை வைத்துக்கொண்டு கைபேசியில் அக்கா மகளின் எண்ணை அழுத்தினார். காதில் வைத்துக் கேட்டார். மறுபடியும் அழுத்தினார். தலைவர் பேச எழுந்தார்.

"விருந்தோம்பலில் இந்தக் கடற்கரைக்கு ஈடு கிடையாது," என்று தொடங்கினார் தலைவர். "ஆனால் கழகம் வருவதற்கு முன் இங்கே நிலைமை என்ன? யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் வரவேற்கலாம் என்றிருந்தது. பயிற்சி இல்லாதவர்கள், சீருடை இல்லாதவர்கள், தன் வீட்டுச் சோற்றை எடுத்துத் தெருவில் போகிறவருக்குக் கொடுத்தார்கள். கணக்கு உண்டா? கண்காணிப்பு உண்டா? இந்த ஒழுங்கீனத்தை நாங்கள் முற்றிலும் ஒழித்துவிட்டோம். இன்று கழகத்தின் அனுமதி இல்லாமல் பங்கானியில் ஒருவர் இன்னொருவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். எங்களுக்கு முன்னால் விருந்தாளிகள் வந்தார்கள், போனார்கள். எங்களிடம் வந்த விருந்தாளி அவ்வளவு எளிதில் போய்விட முடியாது."

கை மேலே போனது. அடித்தேன். கை இறங்கியது.

"விருந்தினர் நமக்காகக் கொண்டு வந்த பரிசை இப்போது வழங்குவார்."

அதுமானிக்குப் புரியவில்லை. ஜுஹூரா அம்மா டப்பாவைக் காட்டினார்.

"இது தேனுங்க," என்றார் அவர். "அக்காவுக்கு. தொண்டை வறளுது, தபோராத் தேனு கொண்டான்னு கேட்டா."

"அக்காவுக்குன்னு தனியா, ஊருக்குன்னு தனியாவா பெரியவரே? எல்லாரும் ஒரு குடும்பம்தானே," என்று சொல்லிக்கொண்டே தலைவர் மூடியைத் திறந்துவிட்டார். கரண்டி தயாராக இருந்தது. ஊர் சார்பில் அவரே ருசி பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கரண்டி எடுத்தார். தேயோ படம் எடுத்தார். டப்பா கழகத்தின் ஜீப்புக்குள் போனது. அதுமானி அது போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்தது பழைய கிடங்கு. கடலோரத்தில் இருக்கிறது. தடித்த சுவர், கை நுழையும் அளவுக்கு ஜன்னல். சுவரில் இரும்பு வளையங்கள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் அது அடிமைகளை அடைத்து வைத்த கிடங்கு என்று தெரியும். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவோம். ஆனால் துக்கம் தரும் வரலாறு விருந்தினரின் பசியைக் கெடுக்கும் என்று கழகம் ஆராய்ந்து முடிவு செய்திருந்தது. வளையங்களுக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூத்தொட்டி தொங்கவிட்டிருந்தார்கள்.

"இது பயணியர் விடுதி," என்றார் ஜுஹூரா அம்மா. "அந்தக் காலத்துல உள்நாட்டுலருந்து ஆயிரக்கணக்கான பேர் வெளிநாடு போக இங்க வந்தாங்க. தங்குறதுக்குக் காசு கிடையாது. சாப்பாட்டுக்குக் காசு கிடையாது. கப்பல்லயும் யாரும் அவங்ககிட்டக் கட்டணம் கேட்டதில்ல. அவ்வளவு தாராளமான ஊரு இது."

அதுமானி உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"எங்க வம்சத்துல ஒருத்திய இங்க வச்சுத்தான் கப்பல் ஏத்துனாங்கன்னு சொல்லுவாங்க," என்றார். "ஏறும்போது அழுதாளாம். அந்த அழுகைய எங்க வீட்டுல இன்னும் சொல்லுவாங்க."

"ஊர விட்டுப் போக மனசு வந்திருக்காது," என்றார் ஜுஹூரா அம்மா. சொல்லிவிட்டு விசிலைத் திருகிக்கொண்டிருந்தார். அவரும் இந்தக் கரையில் பிறந்தவர்தான்.

"பாத்தீங்களா," என்றார் தலைவர். "ஒருதடவ வந்தவங்க திரும்பிப் போக விரும்பாத ஊருன்னு இதையே நாம போட்டுக்கலாம்."

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேங்காய்ப்பால் சோறும் பேய்க்கணவாயும் வைத்தார்கள். படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் தொடக் கூடாது என்றார்கள். ஆவி பறக்க வேண்டும் என்று மூன்று முறை சூடு பண்ணி எடுத்து வந்தார்கள். அதுமானி சாப்பிடவில்லை. "படகு எப்பம்மா?" என்று மட்டும் கேட்டார். ஜுஹூரா அம்மா முதலில் "இதோ" என்றார், பிறகு "இதோ இதோ" என்றார்.

வெயில் சாயத் தொடங்கியபோதுதான் படகு புறப்பட்டது. கரையில் காத்திருந்தவர்களை ஏற்றவில்லை. அவர்கள் பார்க்க உள்ளூர் மக்களைப் போல் இல்லை என்று தலைவர் கருதினார். கழகத்தின் ஊழியர்களே கோடு போட்ட லுங்கி கட்டிக்கொண்டு உள்ளூர் மக்களாக ஏறினார்கள். மீன்கூடைக்காரி கூடையைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டுப் போனாள். அதுமானி படகின் முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கரை நெருங்க நெருங்க அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது. எனக்கு ஒரு நிமிஷம், இவர் குதித்துவிடுவாரோ என்று இருந்தது. அவர் குதிக்கவில்லை. வண்டியில் போனால் சீக்கிரம் என்று சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

வண்டி சோங்கோனிக்குத் திரும்பும் பாதையைத் தாண்டிப் போனது.

"அந்தப் பாதைதானுங்களே," என்று அவர் கண்ணாடியில் தட்டினார். "அந்தப் புளியமரத்தோட போகணும். நான் பொறந்த ஊருங்க, சின்ன வயசுல போனவன், அந்த மரம் மட்டும் ஞாபகம் இருக்கு."

"அது கிராமம் மாதிரியே இல்லீங்க," என்றார் தலைவர். "தகரக் கூரை, போன் கோபுரம், நீலக் கலர் பிளாஸ்டிக் குடம். விருந்தாளி மனசு வேதனப்படும். அதனால பக்கத்துலயே ஒரு கிராமத்த நாங்களே கட்டியிருக்கோம்."

கட்டியிருந்தார்கள். தென்னந்தோப்புக்குள் ஓலைக் குடிசைகள், சுத்தமான மணல். யாரும் குடியிருக்கவில்லை, குடியிருந்தால் அழுக்காகிவிடும். விருந்தினர் வரும் நாளில் லாரி போய் சோங்கோனி மக்களை ஏற்றிக்கொண்டு வரும். ஆண்கள் உட்கார்ந்து வலை பின்னுவார்கள். பெண்கள் கல்யாணப் பாட்டுப் பாடுவார்கள். கல்யாணம் எதுவும் இருக்காது. வர மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. சோங்கோனியின் கிணறு உப்பாகி ரொம்ப காலமாகிறது. அவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டு போவது கழகத்தின் லாரி. ஆட்களை ஏற்றுவதும் அதே ஓட்டுநர்தான்.

நாங்கள் போனபோது பெண்கள் ஒரே மாதிரி சிவப்புக் கங்கா துணி உடுத்தி வரிசையாக நின்றிருந்தார்கள். வழக்கமாக எங்களைப் பார்த்ததும் ஏதாவது கிண்டல் செய்வார்கள். "கொம்போ, மேளத்துக்குத் தீனி போட்டியா?" என்பார்கள். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆண்கள் வலையில் கண் வைத்தபடி இருந்தார்கள். கழக ஊழியன் ஒருவன் ஜுஹூரா அம்மாவின் காதில் ஏதோ சொன்னான். அவர் முகம் மாறியது. முன்னால் நின்ற பெண்ணிடம் போய், "ஒரே ஒரு பாட்டு. முடிச்சதும் உன்ன முதல்ல லாரியில அனுப்புறேன். விருந்தாளி முன்னாடி மட்டும் எதையும் சொல்லிடாத," என்று சொல்வது என் காதில் விழுந்தது. எல்லாருடைய கைபேசிகளும் ஒரு கூடையில் கிடந்தன. பழங்காலத்துக் கிராமத்தில் கைபேசி ஒலிக்கக் கூடாது.

முன்னால் நின்றவள்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பவள். பெயர் பஹாதி. அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் அவளோடு நான் பல தடவை மேளம் அடித்திருக்கிறேன். அவள் ஒரு வரி சொன்னால் மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வரியை அவளே அந்தந்த வீட்டுக்குத் தகுந்தபடி கட்டிக்கொள்வாள்.

அதுமானி நாற்காலியில் உட்கார்ந்தார். பஹாதி அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலைவரின் கை மேலே போனது. நான் அடித்தேன்.

"தபோரா மாமா வந்தாரே, தாமதமா வந்தாரே," என்று எடுத்தாள் பஹாதி.

"வாங்க வாங்க, கல்யாணத்துக்கு வாங்க," என்றார்கள் பெண்கள்.

அதுமானி நிமிர்ந்தார்.

"தேனு கேட்டவ தூங்குறா, தாடையக் கட்டித் தூங்குறா."

"வாங்க வாங்க, கல்யாணத்துக்கு வாங்க." இந்தத் தடவை பாதிப் பேர்தான் சொன்னார்கள்.

"வாசல் பாத்த கண்ண மூட வீட்டுல ஒரு கையில்ல."

இரண்டு மூன்று குரல்கள் ஆரம்பித்து நின்றுவிட்டன.

"குழிய வெட்டுற கையெல்லாம் இங்க வலை பின்னுது மாமா."

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. என் கை தானாக நின்றது. தலைவர் கைதட்டினார்.

"அற்புதம். மாமனை முன்னிறுத்திப் பாடுவது இங்கத்திய பழைய மரபு," என்று தேயோவிடம் விளக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வலது கை மறுபடியும் மேலே போனது. "ஏன் நிறுத்திட்ட? அடி."

நான் அடிக்கவில்லை.

அதுமானி எழுந்து அவளிடம் போனார். "நீ பஹாதியா?"

"ஆமா மாமா."

"எப்பம்மா?"

"மத்தியானம். நான் பக்கத்துல இல்ல மாமா. காலையில லாரி வந்துச்சு. பக்கத்து வீட்டுக் கிழவிகிட்ட விட்டுட்டு வந்தேன். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஒருத்தன் பைக்ல வந்து, உம்மா மௌத்தாயிட்டாங்கன்னு சொன்னான். உடனே போறேன்னேன். விடல. நீங்க வர்ற நேரம்னாங்க. விருந்தாளின்னா நீங்கன்னு எனக்குத் தெரியாது."

அவர் மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

தலைவருக்கு இப்போது விஷயம் புரிந்தது. அவர் பதறவில்லை. அதற்காகத்தான் அவரைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கழகத்தின் சார்பில் வருந்துகிறேன்," என்றார். "ஆனால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மரணம் உள்ளூர் விஷயம். விருந்தினர் உள்ளூர்க்காரர் அல்ல. இறந்தவர் இவருடைய அக்கா என்றால் இவர் உறவினர். உறவினர் என்றால் இவர் விருந்தினர் அல்ல. விருந்தினர் அல்லாதவர் காலையிலிருந்து மாலை போட்டுக்கொண்டு, பந்தலில் உட்கார்ந்து, ஊர்ப் படகை இத்தனை நேரம் நிறுத்தி வைத்திருக்கிறார். நாங்கள் பெருந்தன்மையாக இதை மோசடி என்று சொல்லவில்லை. இன்று எடுத்த படங்கள் செல்லாது. கழகத்தின் லாரி விருந்தினர் நிகழ்ச்சிக்கு மட்டுமே. அதனால் எல்லாரும் அவரவர் வழியில் வீட்டுக்குப் போகலாம்."

ஜுஹூரா அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஹாதிக்குத் தருவதாகச் சொன்ன லாரியைப் பற்றி அவர் பேசவில்லை.

"காலையிலருந்தே அதத்தானுங்க சொல்லிட்டிருந்தேன்," என்றார் அதுமானி. கோபமாகச் சொல்லவில்லை. மெத்தைக்கு அளவு சொல்வதுபோலத்தான் சொன்னார். மாலையைத் தலைவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

ஆண்கள் வலைகளைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். பெண்கள் கூடையிலிருந்து கைபேசிகளை எடுத்துக்கொண்டார்கள். மேளம் கழகத்தின் சொத்து. அதை மணலில் வைத்துவிட்டு நானும் நடந்தேன். வேலை போனது எனக்கு அப்போது தெரியவில்லை. பாதி வழியில்தான் தோள் லேசாக இருப்பது உறைத்தது. கல்யாணத் துணி உடுத்திய ஓர் ஊரே புளியமரப் பாதையில் ஒரு சத்தமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் தேயோ வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

வீட்டில் பக்கத்து வீட்டுக் கிழவி மட்டும் மய்யித்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அக்கா சிகுஜுவா பாயில் கிடந்தாள். தாடை கட்டியிருந்தது. அதுமானி அவள் காலடியில் போய் உட்கார்ந்தார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார்.

கிழவி ஈ ஓட்டுவதை நிறுத்தினாள். "அக்கரையில மேளச் சத்தம் கேட்டுச்சு. 'யாருக்குக் கல்யாணம்?'னு கேட்டா. கல்யாணம் இல்ல, யாரோ விருந்தாளி பஸ்ஸுல வந்திருக்காங்களாம்னேன். 'அப்ப பஸ்ஸு வந்துடுச்சு. தம்பியும் வந்திருப்பான், கதவத் தெறந்து வை'ன்னா. தெறந்து வச்சேன். மேளம் ரொம்ப நேரம் கேட்டுட்டே இருந்துச்சு. அவ அதக் கேட்டுட்டே கெடந்தா."

அதுமானி கதவைப் பார்த்தார். அது இன்னும் திறந்துதான் இருந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் வெளியே போய் மண்வெட்டி எங்கே என்று கேட்டேன்.

வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும். ஆண்கள் முறை வைத்துக் குழி வெட்டினோம். மண் உலர்ந்து கிடந்தது, வேரும் குறுக்கிட்டது. உள்ளே பெண்கள் இருந்த கொஞ்சத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். குடிக்க வைத்திருந்த தண்ணீர்தான். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது தோள்கள் மாறிக்கொண்டே இருந்தன. யாரும் இரண்டு எட்டுக்கு மேல் சுமக்கவில்லை, எல்லாரும் சுமந்தார்கள். கபருக்குள் இறங்கி அவளை வாங்கி வைத்தது அதுமானிதான். மெத்தை தைக்கும் கை. தலைக்கடியில் மண்ணை நிரவி, கையால் அழுத்திப் பார்த்து, மறுபடியும் நிரவினார். போதும் என்று மேலிருந்து சொன்னார்கள். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறி வந்தார்.

ஏறியதும் அவரால் நிற்க முடியவில்லை. பஹாதியின் புருஷன் பிடித்துக்கொண்டான். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதவர் என்று எனக்குத்தான் தெரியும். சொன்னேன். யாரோ ஒருத்தர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. கழகத்துக்குத் தெரியாமல் குடித்தார்.

அவர் உடனே தபோராவுக்குத் திரும்பவில்லை. அக்கா வீட்டில் தங்கினார். மெத்தை, தலையணை என்று ஊரில் கிழிந்து கிடந்ததை எல்லாம் வாங்கிப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். நானும் பங்கானிக்குப் போகப் பிடிக்காமல் அங்கேயே ஓடங்களுக்குப் பாய் தைத்தேன். அவர் ஊசி பெரியது, என் ஊசி அதைவிடப் பெரியது. அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம்.

இதற்கிடையில் தேயோ தலைநகருக்குப் போய்விட்டார். செல்லாது என்று தலைவர் சொன்ன படங்களோடு, சோங்கோனியில் எடுத்தவற்றையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். மேலிடத்தில் மாலையும் தேனும் பூத்தொட்டியும் யாருக்கும் பிடிக்கவில்லை. சந்தூக்கைத் தோள் மாற்றி மாற்றிக் கொண்டு போகும் படம்தான் பிடித்தது. எவ்வளவு இயல்பு, எவ்வளவு ஒற்றுமை என்று மெச்சி, கிலேயோவைப் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அடுத்த நிகழ்ச்சியிலும் இது இருக்கட்டும் என்றார்கள்.

ஜுஹூரா அம்மா லாரியோடு சோங்கோனிக்கு வந்தார். விசில் போட்டிருக்கவில்லை. பஹாதி வீட்டு வாசலில் நின்றே பேசினார்.

"எனக்கே கேக்கக் கூச்சமா இருக்கு பஹாதி. ஆனா சொல்லிட்டு வரச் சொன்னாங்க. மாசம் ஒருதடவ. உங்க வீட்டுலருந்து அடக்கம் பண்ண அந்தத் திடல் வரைக்கும் அதே மாதிரி தூக்கிட்டுப் போனாப் போதும். உள்ள ஆளெல்லாம் வேண்டாம். தென்னை ஓலையக் கட்டி வச்சு மேல துணி போத்திக்கலாம்."

அதுமானி ஊசியை நிறுத்தினார். பஹாதி லாரியை ஒரு தடவை பார்த்தாள்.

"ஓலைய வச்சா எடை இருக்காதேக்கா," என்றாள். "தூக்குறவங்க தோளப் பாத்தாலே தெரிஞ்சுடும். சந்தூக்கு இருக்கு, தூக்க ஆளும் இருக்கு. உள்ள படுக்கத்தான் ஒருத்தர் வேணும். உங்க தலைவர வந்து படுக்கச் சொல்லுங்க. அவருன்னா நாங்க எல்லாருமே வந்து தூக்குறோம்."

ஜுஹூரா அம்மா அவளையே பார்த்தார். அவர் வாய் ஓரம் கொஞ்சம் கோணியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டு லாரியில் ஏறினார். அந்த வாரம் தண்ணீர் லாரி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கற்றாழைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஓடையிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டு வந்தோம். அதுமானிக்குச் சைக்கிள் ஓட்ட வராது, தள்ளிக்கொண்டே வருவார்.

பஹாதி சொன்னதை ஜுஹூரா அம்மா மறைக்கவில்லை. ஒரு சொல் விடாமல் தலைவரிடம் சொன்னாராம். லாரி ஓட்டுநர் கூடவே நின்றிருக்கிறான், அவன்தான் வந்து சொன்னான். கிலேயோ கோபப்படவில்லையாம். ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாராம். பிறகு, படம் எடுப்பவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள், தன் முகத்தை மூடாமல் விடுவார்களா என்று கேட்டாராம்.